லாத்தா இஸ்கண்டாரில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குக் காரேறும் அன்பர்களே,

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் ஊர்க் காலைப்பொழுது உங்களுடையதாகிவிடும். டோலைத் தாண்டி இறங்குகிறீர்கள். ரொட்டி சானாய் பசியாறுகிறீர்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டாமலிருக்க ஒரு பொட்டலம் ஆசாம் வாங்கிக்கொண்டு 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிளம்புகிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனால், உங்களில் யாராவது ஒருவர் லாத்தா இஸ்கண்டார் அருவியோரம் பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்பீர்கள். ஒரு கையில் மினரல் வாட்டர் பாட்டில், அதில் அருவித் தண்ணீர். இன்னொரு கையில் மூடியைத் திருக ஒரு துணி. அந்தத் துணியைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் போமன் இல்லை. செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்றவன். கார் எஞ்சினைப் பற்றி உங்கள் பட்டறைக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இறுக மூடிய இரும்புக்குள் தண்ணீர் சூடானால் என்ன செய்யும் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குச் சம்பளம் தந்த வேலை. அந்த உரிமையில் உங்கள் கார் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன்.

முதலில் சாலையைச் சொல்லிவிடுகிறேன், பாவம் காரை மட்டும் குறை சொல்லக்கூடாது. வில்லியம் கேமரன் அந்த மேட்டுநிலத்தை அளக்கப் போனது 1885இல். தாப்பாவிலிருந்து மேலே சாலை போட்டு முடிய 1930களின் தொடக்கம் ஆகிவிட்டது. மலையின் மடிப்பு எப்படிப் போகிறதோ, சாலையும் அப்படியே போகும். தாப்பா தாழ்நிலம், ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் பிந்தைய சாலை அகலமானது, வளைவுகளும் குறைவு. இருந்தும் நீங்கள் எங்கள் வழியாக வருகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்த ஏற்றத்தில் ஐந்து பேர், பெட்டிகள், ஏசி என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் போகும்போது எஞ்சின் மூச்சு முட்ட உழைக்கிறது, காரோ ஊர்ந்துதான் போகிறது. நெடுஞ்சாலையில் 110இல் பறக்கும்போது ரேடியேட்டருக்குச் சும்மாவே கிடைத்த எதிர்க்காற்று இங்கே இல்லை. முன்னால் இருக்கும் சின்ன மின்விசிறி ஒன்றுதான் துணை. ரிங்லெட்டைத் தாண்டினால் விடுமுறை நெரிசல் வேறு. கோலாலம்பூரில் ஒரு குறையும் சொல்லாத கார், உள்ளே வைத்திருந்த நோயை இந்த மலையில்தான் வெளியே காட்டும்.

இனி அந்த மூடி விஷயம்.

ரேடியேட்டர் மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும். அது அழுத்தக் கணக்கு. வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் அந்த அளவு பார் அழுத்தம் ஏறும்வரை மூடி உள்ளே இருப்பதை வெளியே விடாது. எதற்கு அப்படி அடைத்து வைக்கிறார்கள்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பிரிஞ்சாங் உயரத்தில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் உழைக்கும் எஞ்சினுக்கு அது போதாது. ஒரு பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் அதே தண்ணீர் 120 பாகைவரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். கூலண்ட் கலந்திருந்தால் அதற்கும் சில பாகை மேலே தாங்கும். கொதிக்காத தண்ணீர்தான் எஞ்சின் சுவரை ஒட்டி ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆவிக்குமிழி அந்த வேலையைச் செய்யாது.

இப்போது 115, 120 பாகையில் அமைதியாக இருக்கும் அந்தத் தண்ணீரை நீங்கள் துணியைப் போட்டுத் திறக்கிறீர்கள். அழுத்தம் ஒரே நொடியில் போய்விடுகிறது. கொதிநிலை மறுபடியும் 100க்கு இறங்கிவிட்டது, தண்ணீரின் சூடு இறங்கவில்லை. எனவே அது இருந்த இடத்திலேயே, அடி முதல் மேல்வரை, ஒரே நேரத்தில் கொதிக்கும். 120 பாகையிலிருக்கும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் சட்டென்று ஆவியாகிறது. கேட்க அற்பமாக இருக்கிறதா? அந்த 35 கிராமுக்கு ஆவியாக இருக்க ஏறக்குறைய 60 லிட்டர் இடம் வேண்டும். இடம் தேடி அது அந்தச் சின்ன வாயைத்தான் பிய்த்துக்கொண்டு வரும், மிச்சக் கொதிநீரையும் முன்னால் தள்ளிக்கொண்டு. குனிந்து பார்க்கும் முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துணி கையைக்கூட முழுதாகக் காப்பாற்றாது. நனைந்ததும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டும்.

பெரியவர்கள் சிலர் என்னிடம் வாதம் செய்வதுண்டு. அந்தக் காலத்துப் பெட்ஃபோர்ட் லாரியில் ஒவ்வோர் ஓடையிலும் நிறுத்தி மூடியைத் திறந்து ஊற்றிக்கொண்டுதானே மரம் ஏற்றினோம், யார் செத்தார்கள் என்று. பழைய வண்டிகளில் அழுத்தம் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போவதும் திரும்ப ஊற்றுவதும் அந்த வண்டிகளின் அன்றாடம். இன்றைய கார் அந்த இனமே இல்லை. தாத்தாவின் பழக்கத்தைப் பேரனின் மைவியில் காட்டக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டி ஏறும்போதே ஏசியை அணையுங்கள். பிள்ளைகள் முணுமுணுக்கட்டும். புதிய கார்கள் பலவற்றில் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது யோசிக்க நேரமில்லை. வளைவில் நிற்காதீர்கள். கொஞ்சம் நேரான, அகலமான இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பிள்ளைகளைச் சாலையை ஒட்டாத பக்கமாக இறக்கிவிடுங்கள். ஆவி எதுவும் வரவில்லை, விசிறி சுற்றுகிறது என்றால் நியூட்ரலில் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கலாம். பல நேரம் முள் தானே இறங்கும். ஆவி வந்தாலோ, சிவப்பு எரிந்தாலோ, உடனே அணைத்துவிடுங்கள். ஒரு கள்ள அறிகுறியும் உண்டு: உச்சியில் இருந்த முள் திடீரென்று கீழே விழும். குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஏறிவிடாதீர்கள். தண்ணீர் முழுதும் போய், அளவுகோல் காற்றை அளந்துகொண்டிருக்கக்கூடும்.

வலைக்காணொளிகளில் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடு என்று ஒரு யோசனை சொல்வார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது நல்ல யோசனைதான். நம் ஊரில் ஓடும் கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை, பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அணைத்த பிறகு காத்திருங்கள். அரை மணி நேரம் என்பது ஆகக் குறைந்தது. அருவி பாருங்கள். ஒராங் அஸ்லி கடைகளில் பெத்தாய் வாங்குங்கள். திரும்பி வந்து, ரேடியேட்டரின் மேல் குழாயைத் துணியால் பிடித்து அழுத்துங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, இன்னொரு முறை பெத்தாய் கடைக்குப் போய்விட்டு வரலாம். குழாய் தளர்ந்து, வெறுங்கையால் தொடவும் முடிகிறது என்றான பிறகுதான் மூடி. தடித்த துணியைப் பல மடிப்பாக மேலே போட்டு, முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, முதல் தடைவரை மட்டும் திருகி நிறுத்துங்கள். சீறினால் சீறி முடியட்டும். சத்தம் அடங்கிய பின் அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடு முழுதாக ஆறாத எஞ்சினில் குளிர்ந்த அருவித் தண்ணீரைக் குடம் குடமாய்க் கொட்டினால் வார்ப்பு விரிசல் விட்டுவிடும், அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

இதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய ஒன்று, உங்கள் காரில் எந்த வகைத் தொட்டி என்பது. சில கார்களில் ரேடியேட்டருக்கு மேல் உலோக மூடி இருக்கும். ஓரத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குச் சும்மா அழுத்தினால் கழன்றுவரும் மூடி. அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் அழுத்தம் இல்லை. சூடானால் தண்ணீர் விரிந்து குழாய்வழி அங்கே போகும், ஆறினால் அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படும். அங்கே எப்போது வேண்டுமானாலும் ஊற்றலாம். வேறு சில கார்களில் உலோக மூடியே இருக்காது. தடித்த பிளாஸ்டிக் தொட்டி, அதில் திருகு மூடி, மேலே எச்சரிக்கைப் படம். அந்தத் தொட்டியே அழுத்தத்துக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக்தானே என்று அதைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இரண்டில் உங்களுடையது எது என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பார்த்துவிடுங்கள். மலையில் நின்று ஊகிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது பாதுகாப்பு. பலருக்கும் பாதி தெரிந்ததுதான். நான் மடல் எழுத உட்கார்ந்தது இன்னொன்றுக்காக.

அருவியோரம் ஊற்றிய தண்ணீரோடு நீங்கள் மலை ஏறிவிடுகிறீர்கள். இரண்டு நாள் ஸ்ட்ராபெரி, தேயிலை, முருகன் கோயில் என்று பார்த்துவிட்டு இறங்கி வீட்டுக்கும் போய்விடுகிறீர்கள். "லேசாத் தண்ணி கொறஞ்சிருந்திச்சு, ஊத்துனேன், சரியாப் போச்சு" என்று சொல்கிறீர்கள். சரியாகப் போகவில்லை. மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. போன தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இதை நான் ஆலையில் கற்றேன். எங்கள் பாய்லர் செம்பனையின் நாரையும் ஓட்டையும் தின்று ஆவி கக்கும். அதன் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அதில்தான் பார்ப்போம். புதிதாக வரும் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்: கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லையென்றால் தண்ணீர் விடாதே. தீயை நிறுத்து. கைகள் தானாகப் பம்ப்பை நோக்கித்தான் போகும், தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடுவதுதானே மனித புத்தி! ஆனால் நீர் வற்றிச் சிவந்து நிற்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பதை எழுதவேண்டியதில்லை. தீயை அடக்கி, முழுதாக ஆறவிட்டு, தண்ணீர் எப்படிப் போனது என்று கண்டுபிடித்த பிறகே மறுபடி மூட்டுவது. கண்டுபிடிக்காமல் மூட்டினால் அதே கதை அடுத்த வாரமும் நடக்கும்.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளேயே இப்படி ஓர் அமைப்பு உண்டு. நம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் படிக்கப் போன பிள்ளைகள் வாடகை வீட்டில் பார்த்திருப்பார்கள். சமையலறைச் சுவரில் ஒரு பாய்லர், அறைக்கு அறை சுவரோரம் வெந்நீர் ஓடும் தகடுகள், எல்லாம் ஒரே மூடிய வளையம். பாய்லரின் முகத்தில் அழுத்த முள். ஆறிய நிலையில் ஒன்று முதல் ஒன்றரை பார்வரை நிற்க வேண்டும். மூன்று பார் ஆனால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டிவிடும். முள் இறங்கினால் அணைத்து ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பும் பின்னல் குழாயிலிருக்கும் இரண்டு குழாய்த்திருகுகளையும் மெதுவாகத் திறந்து, முள் அளவுக்கு வந்ததும் இரண்டையும் இறுக மூடிவிட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை என்றால் கவலையில்லை. வாரந்தோறும் ஊற்றவேண்டி வந்தால் எங்கோ கசிவு. ஊற்றிக்கொண்டே இருப்பதிலும் தனியாக ஒரு கேடு இருக்கிறது: புதுத் தண்ணீரோடு புதிய பிராணவாயு உள்ளே போகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, கறுப்புச் சேறாகக் குழாயை அடைக்கிறது. உங்கள் ரேடியேட்டருக்கும் இதே கதிதான். ஒவ்வொரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் துருவை உள்ளே கொண்டுபோகிறது. அருவித் தண்ணீர் என்றால் கொஞ்சம் மணலையும்.

அவசரத்துக்கு ஊற்றத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஊற்றிய பிறகு காரணத்தைத் தேடச் சொல்கிறேன். பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும். மூடியின் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். புது மூடிக்கு ஆகும் செலவு மலையில் நீங்கள் வாங்கும் ஸ்ட்ராபெரி ஜாமை விட அதிகம் இராது. ஆனால் பழைய மூடியில் என்ன எண்ணோ அதே எண்ணில் வாங்குங்கள். கூடுதல் எண் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து 1.3 மாட்டினால், வயதான ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம் பிளந்துகொள்ளும். அடுத்து ரப்பர் குழாய்களின் முனை, கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்த வெள்ளைக் கறை. விசிறி சுற்றாமல் போவது தனி ரகம். சில பட்டறைகளில் இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் எந்தச் சூட்டில் வேலை செய்யவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த பொருள் அது. பழுதானால் மாற்றுவதுதான் முறை.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்; எஞ்சினே தண்ணீரைக் குடிக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் தே தாரிக் மாதிரி நுரைத்த நிறத்தில் படிந்திருந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகை இன்னோர் அடையாளம். அந்தக் காரை மலை ஏற்றவே கூடாது.

கூலண்ட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. நம் நாட்டில்தான் உறைபனி கிடையாதே, எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. துருவைத் தடுக்க, கொதிநிலையை ஏற்ற. பச்சை, சிவப்பு என்ற நிறத்தைப் பார்த்து வாங்காமல் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. பூனையும் நாயும் நக்கினால் சாகும், கைக்குழந்தைகள் விஷயத்திலும் ஜாக்கிரதை. பழையதை அருவியோரம் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். கீழே அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை சொல்லியும் யாராவது சுட்டுக்கொண்டால்: மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றி, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். லாத்தா இஸ்கண்டாரில் தண்ணீருக்கா பஞ்சம்? பற்பசை, கிச்சாப், மஞ்சள், மாவு எதையும் பூசாதீர்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடுங்கள். முகமோ கண்ணோ என்றால் மலை ஏறுவதை விட்டுவிட்டு நேரே தாப்பா மருத்துவமனைக்கு இறங்குங்கள். கைப்பேசி அலை இந்தப் பாதையில் எல்லா இடத்திலும் கிடைக்காது. 999க்குக் காத்திருப்பதைவிடப் பக்கத்தில் நிற்கும் காரைக் கேட்பது பல நேரம் விரைவு.

இனி, தண்ணீர் மட்டத்தை எப்போது பார்ப்பது என்பது. தாப்பாவில் பசியாறும்போது பானெட்டைத் திறந்து பார்க்கும் சிலரைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம், தவறான நேரம். கோலாலம்பூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஓடி வந்த எஞ்சின் அப்போது கொதிக்கிறது. புறப்படும் நாளுக்கு முன்தினமே, வீட்டு வாசலில், விடியலில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மலையில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை, தானா ராத்தாவின் குளிரில், காரைக் கிளப்புவதற்கு முன்பு அதே கோட்டைப் பாருங்கள். கோட்டோடு நின்றால் நிம்மதியாகச் சுற்றுங்கள். இறங்கியிருந்தால், எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டு, அந்த அளவு மட்டும் ஊற்றி, இறங்கும் வழியில் தாப்பாவிலோ பீடோரிலோ ஒரு பட்டறையில் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகள் மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமையே இறங்கிவிடுவது நல்லது.

அன்புடன்,
தாப்பாவிலிருந்து ஒரு பழைய பாய்லர்காரன்